நந்தவனம் நம் வீட்டிலும்: எந்த இடத்துக்கு எந்தப் பூச்செடி?

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் திருமயிலைக் கபாலீசுவரர் திருக்கோயிலுக்குச் சென்ற அன்பர்கள், பூம்பாவை உயிர்பெற்று எழும் ஐதீக விழாவைத் தரிசித்திருப்பார்கள். அன்று பிற்பகல் அறுபத்துமூவர் வீதியுலா. ஆகையால் காலையிலிருந்தே மாட வீதிகளில் கால் வைக்க இடமிராது. சிவநேசச் செட்டியாரின் திருமகள் பூம்பாவை, தோழியருடன் மலர் கொய்யச் சென்ற இடத்தில் அரவம் தீண்டி மாண்டாள். அவளுடைய எலும்பும் சாம்பலும் இட்ட குடத்தை முன்வைத்துத் திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாட, அவள் உயிரோடு எழுந்தாள். இது பெரியபுராணம் உரைக்கும் வரலாறு.

சிறுவயது முதல் இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் அந்த மலர்த்தோட்டத்திலேயே சற்று நின்றுவிடும். அன்றைய மயிலையில் வழிபாட்டுக்கு வேண்டிய பூவை வீட்டை ஒட்டிய தோட்டத்திலேயே கொய்துகொள்ள முடிந்திருக்கிறது. என் இளமைக் காலத்திலும் மயிலையின் பல வீடுகளில் அது முடிந்தது. இன்று அடுக்குமாடியில் வாழும் நம்மால் அது முடியுமா? முடியும் என்றே என் அனுபவம் சொல்கிறது. ஆனால் செடியைத் தெரிந்தெடுப்பதில் நான் முதலில் பெரும்பிழை செய்தேன். அந்தப் பிழையையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

வீடு போயிற்று, செடியும் போயிற்று

மாட வீதிகளுக்குச் சற்றுத் தள்ளி எங்கள் பழைய வீடு இருந்தது. பின்புறம் கிணறு; கிணற்றடியில் ஒரு நந்தியாவட்டை; மதிலோரம் ஒரு பவழமல்லி; முற்றத்தில் துளசி மாடம்; வேலியில் இரண்டு மல்லிகைக் கொடிகள். எல்லாம் என் தந்தையார் வைத்தவை. விடியலில் பவழமல்லியின் அடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவைப்பது என் தாயாரின் வழக்கம். மரம் தானாகவே அர்ச்சனைக்கு உதிர்த்துக் கொடுக்கும். தாயாருக்குப் பின் அந்தப் பொறுப்பை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் கற்பகாம்பாள் சந்நிதிக்கு எங்கள் வீட்டுப் பூவும் ஒரு சிறு குடலையில் போகும்.

2013-இல் சகோதரர்கள் கூடிப் பேசி, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தோம். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படித்தேன். சதுர அடி, கார் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருந்தன. செடிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இயந்திரம் வந்து மதிலை இடித்த அன்று, ஒரு கொம்பையாவது ஒடித்து எங்காவது நட்டு வைப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 2015-இல் புதிய வீட்டில் குடிபுகுந்தோம். சுற்றிலும் சிமெண்டுத் தளம். பூவை வடக்கு மாட வீதியில் முழம் போட்டு வாங்கலானோம்.

ஒருநாள் வாங்கிய பூவை என் மனைவி சுவாமிக்குச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “காசு கொடுத்து வாங்கின பூவையும் அவர் ஏற்றுக்கொள்வார். ஆனால் இதில் நான் செய்தது ஒன்றுமில்லையே.” எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

தலைகீழாக நட்ட கதை

2017-இல் ஓய்வு பெற்றதும், அவளுடைய குறையைத் தீர்ப்பது என்று உறுதி பூண்டேன். கதீட்ரல் சாலையில் 1835-இல் தொடங்கப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். அதே சாலையில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவிலும் பல நாள் நடந்தேன். கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததையெல்லாம் மனத்தில் குறித்துக்கொண்டு, பதினான்கு தொட்டிகளில் கலப்பின ரோஜா, குரோட்டன்ஸ், பாலைவன ரோஜா, குளிர்நாட்டுப் பூச்செடிகள் என வாங்கி அடுக்கினேன். தொழில் பழக்கத்தால் ஒரு கணக்குப் புத்தகமும் போட்டேன். இடப்பக்கம் பற்று: செடி, தொட்டி, உரம், மண். வலப்பக்கம் வரவு: அன்றன்று பூசைக்குக் கிடைத்த பூ.

ஓராண்டு முடிவில் இடப்பக்கத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேல். வலப்பக்கத்தில் முப்பத்தொரு பூக்கள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, தெருத்தெருவாகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். குடிக்க நீரில்லாதபோது ரோஜாவுக்கு எங்கே ஊற்றுவது? எல்லாம் கருகின. என் கணக்கு நட்டத்தில் மூடப்பட்டது.

பேயாழ்வாரைப் பற்றி வைணவப் பெரியோர் சொல்லும் கதை ஒன்று உண்டு. மயிலையில் ஒரு கிணற்றில் செவ்வல்லி மலரில் தோன்றியவர் அவர். திருமழிசையார் பார்க்கும்படி அவர் செடிகளை வேர் மேலாகவும் தழை கீழாகவும் நட்டு, ஓட்டைக் குடத்தால் நீர் இறைத்தாராம். “இது என்ன பேதைமை?” என்று திருமழிசையார் கேட்க, அங்கிருந்து இருவருக்கும் தத்துவ வாதம் தொடங்கியது. அவர் வேண்டுமென்றே தலைகீழாக நட்டார். நான் அறியாமையால் நட்டேன். அவ்வளவே வேறுபாடு.

பூங்கா வேறு, நந்தவனம் வேறு என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. பூங்காவில் பூ செடியிலேயே இருந்து கண்ணுக்கு விருந்தளிக்க வேண்டும். அங்கே பறித்தால் குற்றம். நந்தவனத்திலோ பூ பறிப்பதற்காகவே மலர்கிறது. ஆகவே அதற்குரிய செடி நாள்தோறும் சில பூக்களாவது தரவேண்டும். பறிக்கப் பறிக்க மேலும் தழைக்க வேண்டும். நம் ஊர் வெயிலையும் தண்ணீரையும் தாங்க வேண்டும். இவ்வளவுக்கும் மேலாக, அந்தப் பூ நாம் வழிபடும் மூர்த்திக்கு உகந்ததாக இருக்க வேண்டும். இரண்டாம் முறை தொடங்கியபோது மூன்று கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டேன்: பூ யாருக்கு? செடி எங்கே? நீர் ஊற்றுவது யார்?

பூ யாருக்கு?

எந்தப் பூ எந்தத் தெய்வத்துக்கு என்பதை நம் முன்னோர் விரிவாகவே வகுத்துள்ளனர். கமலை ஞானப்பிரகாசர் இதற்கெனவே புட்பவிதி என்ற நூலை இயற்றினார். கோயிலுக்குக் கோயில், குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறுவதும் உண்டு. ஐயம் எழுந்தால் தங்கள் கோயில் குருக்களையோ பட்டாச்சாரியாரையோ கேட்பதே முறை. பொதுவான வழக்கம் வருமாறு.

சிவபூசை செய்வோர் வில்வம், தும்பை, நந்தியாவட்டை, வெள்ளெருக்கு, கொன்றை, சங்குபுஷ்பம், திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றைத் தெரிந்தெடுக்கலாம். தாழம்பூ சிவனுக்கு ஆகாது. சைவர்கள் அட்ட புட்பம் என்று எட்டு மலர்களைப் போற்றுவர்: புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை. இவ்வரிசையில் முதலில் நிற்கும் புன்னைதான் மயிலையின் தலமரம். அம்பிகை மயில் வடிவில் பூசித்தது புன்னையின் அடியில்தான்.

பெருமாளை வழிபடுவோருக்குத் துளசியே முதன்மை. அதனோடு மல்லிகை, முல்லை, சண்பகம், பவழமல்லி, மரு, தவனம், மகிழம்பூ. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் துளசி வனத்தில்தான் ஆண்டாளைக் கண்டெடுத்தார். திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும், இராமானுசரின் ஆணையை ஏற்றுத் திருமலைக்குச் சென்ற அனந்தாழ்வானும் செய்தது நந்தவனக் கைங்கரியமே.

அம்பிகைக்குச் செம்பருத்தி, செவ்வரளி, தாமரை, மல்லிகை. முருகனுக்கு வெட்சி, இட்லிப்பூ என்று நாம் அழைப்பது இதைத்தான். விநாயகருக்கு அறுகம்புல்லும் வெள்ளெருக்கும். ஆண்டுக்கொரு முறை சதுர்த்தியன்று தவிர விநாயகருக்குத் துளசி சாத்துவதில்லை.

சில பொது விதிகளும் செடித் தேர்வுக்கு உதவும். கீழே விழுந்த பூவை எடுத்துச் சாத்தக் கூடாது. பவழமல்லிக்கும் மகிழம்பூவுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆகையால் கை தூக்கிப் பறிக்க இயலாத முதியோருக்கு இவ்விரண்டும் பெரும் வரம். வில்வத்தையும் துளசியையும் நீரில் கழுவி மறுநாளும் பயன்படுத்தலாம் என்பர். எனவே செடி சிறியதாக இருந்தாலும் பூசை தடைப்படாது. துவாதசியில் துளசி பறிப்பதில்லை. முதல் நாளே பறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பறிக்கும்போது முகர்ந்து பார்ப்பதும் கூடாது.

செடி எங்கே?

இரண்டாவது கேள்விக்கு விடை சூரியனிடம் இருக்கிறது. செடி வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நம் வீட்டில் வெயில் எங்கே, எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் வெயில் இருந்தால் பெரும்பாலான பூச்செடிகள் வளரும். இரண்டு மூன்று மணி நேரமே என்றால் தேர்வு சுருங்கும். நம் வீடுகளின் இடத்தை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தரையில் மண் உள்ள வீடு. இன்றும் அப்படி ஒரு வீடு வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். வடக்கிலும் மேற்கிலும் மதிலோரமாக உயரமானவற்றை நடுங்கள்: பவழமல்லி, வில்வம், இடம் மிகுதியாக இருந்தால் மகிழம். நடுவில் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வெட்சியும். முன்புறம் தாழ்வாகத் துளசி, மரு, துலுக்க சாமந்தி. வாசல் வளைவில் நித்தியமல்லி ஏற்றினால் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். புன்னையும் சண்பகமும் பெரிய மரங்கள். சிறு மனைக்கு ஆகா. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை நாம் கண்டோம். வீட்டுச் சுவருக்கும் மின்கம்பிக்கும் அருகே பெருமரம் வேண்டாம்.

இரண்டாவது, அடுக்குமாடி வளாகத்தில் மதிலோரம் விடப்படும் இரண்டடி மண். இது பலருக்கும் பொதுவான இடம். ஆகவே பூச்சி குறைவாக வரும், கவனிப்பு அதிகம் கேட்காத செடிகளே பொருந்தும். நந்தியாவட்டை, வெட்சி, சங்குபுஷ்பம் மூன்றும் என் முதல் பரிந்துரை. நடுவதற்கு முன் சங்கக் கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். எந்த வீட்டார் எந்த நாளில் பறிப்பது என்றும் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வளாகத்தில் முதல் ஆறு மாதம் பூவைவிடச் சண்டையே மிகுதியாகப் பூத்தது. இப்போது கிழமைக்கு ஒரு வீடு.

மூன்றாவது, மொட்டை மாடி. வெயிலுக்குக் குறைவில்லை, மல்லிகை, செம்பருத்தி, ரோஜா, துளசி எல்லாம் இங்கே செழிக்கும். ஆனால் இருபது லிட்டர் கொள்ளும் தொட்டி, ஈரமான தோட்டமண்ணோடு முப்பது கிலோவைத் தாண்டும். எனவே மண்ணோடு தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் சமபங்கு கலந்து எடையைக் குறைக்க வேண்டும். தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர்கள் கீழே வரும் ஓரங்களில் வைக்க வேண்டும். பழைய கட்டடமானால் பொறியாளர் ஒருவரைக் கேட்டுச் செய்வது நல்லது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் பச்சை நிழல்வலை கட்டாமல் மாடித்தோட்டம் பிழைக்காது.

நான்காவது, பால்கனி. நம்மில் பெரும்பாலோருக்கு வாய்த்தது இதுதான். கிழக்கு நோக்கிய பால்கனியில் காலை வெயில் மூன்று மணி நேரமாவது விழும். நந்தியாவட்டை, கனகாம்பரம், முல்லை, மரு ஆகியவற்றுக்கு அது பெரும்பாலும் போதும். மேற்கு நோக்கியதில் பிற்பகல் வெயில் சுடும். அங்கே வெட்சியும் சங்குபுஷ்பமும் தாங்கும். வடக்கு நோக்கி, வெயிலே விழாத பால்கனியில் பூவை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே இலைக்குரிய செடிகளை வையுங்கள். கிடைக்கும் வெளிச்சத்தில் வில்வக் கன்று மெல்லத்தான் வளரும். ஆயினும் தளிர் விடும். துளசித் தொட்டிகள் இரண்டு வைத்துக்கொண்டு ஒன்றை மாடி வெயிலிலும் ஒன்றை வீட்டிலுமாக வாரத்துக்கொரு முறை மாற்றலாம். கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில், அன்போடு அளிப்பவற்றைப் பகவான் வரிசைப்படுத்தும்போது இலைதான் முதலில் நிற்கிறது. பூ அதற்கு அடுத்தது. வெயில் குறைந்த வீட்டாருக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் அன்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். கடற்காற்றில் உப்பு உண்டு. பல இடங்களில் கிணற்று நீரும் உவர்ப்பு. ரோஜாவும் சாமந்தியும் அங்கே வாடும். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி போன்றவை தாங்கும். புன்னை கடற்கரைக்கே உரிய மரம் என்பதால் பொது இடங்களில் நடுவதற்கு ஏற்றது. எங்கே வசிப்பவராயினும், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரை நாள்தோறும் செடிக்கு ஊற்ற வேண்டாம். அதில் உப்பு செறிந்திருக்கும். அரிசி கழுவிய நீர் நன்று.

பருவத்தையும் கருதுக

நம் நகரின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே புதுக்கன்று வைக்க ஆடி, ஆவணி ஏற்ற மாதங்கள். பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும். மழை ஓய்ந்த தை மாதமும் நன்று. சித்திரை வெயிலில் நர்சரியிலிருந்து கன்று வாங்கி வந்து கருக விடாதீர்கள்.

குண்டுமல்லியைக் கார்த்திகையில் கவாத்து செய்துவிட வேண்டும். அப்போதுதான் பங்குனி முதல் ஆனி வரை அரும்பு கொழிக்கும். சாமந்தி பகல் குறுகிய பனிக்காலத்தில் பூப்பது. மார்கழி வழிபாட்டுக்கு அது துணை. பவழமல்லி மழைக்காலத்தையும் அதை ஒட்டிய மாதங்களையும் மணக்கச் செய்யும். நந்தியாவட்டை, செம்பருத்தி, வெட்சி மூன்றும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். ஆகவே ஐந்தே தொட்டிதான் இடம் என்றால் மூன்று ஆண்டு முழுவதும் பூப்பவையாகவும், ஒன்று பருவப் பூவாகவும், ஒன்று இலைச் செடியாகவும் இருக்கட்டும். இப்படி வைத்தபின் என் கணக்குப் புத்தகத்தின் வலப்பக்கம் வெறுமையாக இருந்த நாள்கள் மிகச் சிலவே.

நீர் ஊற்றுவது யார்?

இதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. 2021-இல் என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆயிற்று. மாடியேறுவதும் குனிவதும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாடியில் இருந்த செடிகளுக்கு நான் நீர் ஊற்றினேன். நானே பறித்து வந்தேன். அவள் கீழே காத்திருந்து வாங்கிக்கொண்டாள். பூ கிடைத்தது, அவளுடைய பழைய குறை அப்படியே இருந்தது. பிறகுதான் சில தொட்டிகளைக் கிழக்குப் பால்கனிக்குக் கொண்டுவந்து, இடுப்பளவு உயரமுள்ள இரும்பு நிலைகளில் வைத்தேன். நின்றபடியே நீர் ஊற்றலாம், பறிக்கலாம். நம் வயதில் இருப்போர் தொடக்கத்திலேயே அப்படி அமைத்துக்கொள்வது நல்லது. ஒரு லிட்டர் கொள்ளும் சிறிய பூவாளியே போதும். நிரம்பிய வாளி தோளைப் பதம் பார்க்கும்.

பேரக் குழந்தைகள் வந்து போகும் வீடானால் அரளியும் எருக்கும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்க்க முடிவு செய்தது நினைவிருக்கலாம். அரளி சாத்திய பூசையில் பிரசாதத்தை அதிலிருந்து விலக்கி வைப்பது எளிய காவல்.

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள், கொசு பெருகும். செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டினால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். சாத்தும் பூவில் கடைப் பூச்சிமருந்து பட வேண்டாம். தரைத்தோட்டம் உள்ளவர்கள் இருள் பிரியும் முன் பூப்பறிக்கப் போனால் கைவிளக்கும் செருப்பும் கட்டாயம். பூம்பாவைக்கு நேர்ந்தது நமக்கு நேர்ந்தால் பதிகம் பாட நம்மிடையே சம்பந்தர் இல்லை.

பூ மிகுந்தால் கோயிலுக்குக் கொடுக்கலாம். எந்தப் பூ, எந்த நேரத்தில் வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். சந்நிதியில் திடீரென ஒரு கூடை கனகாம்பரத்தை நீட்டினால் அதை எங்கே வைப்பது என்று அவர்கள் திகைப்பார்கள். துளசியையும் வில்வத்தையும் பெரும்பாலும் எந்தக் கோயிலும் மகிழ்ந்து ஏற்கும்.

ஒரு கொம்பு ஒடித்து வையுங்கள்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன்.

தியாகராய நகரில் என் தமக்கையார் வசிக்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் அவர் வீட்டுப் பின்புறத்தில் நின்ற நந்தியாவட்டையைக் காட்டி, “இது நம் கிணற்றடிச் செடிதான். கல்யாணமாகி வரும்போது அப்பா ஒரு கொம்பு ஒடித்துக் கொடுத்தார்” என்றார். எத்தனையோ முறை அந்தச் செடியைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு முறையும் கேட்டதில்லை. அவர் அடுத்துச் சொன்ன செய்தி, அந்த வீட்டையும் அடுக்குமாடி கட்டக் கொடுக்கக் கையெழுத்தாகிவிட்டது என்பது.

அன்றே ஆறு கொம்புகள் எடுத்தோம். முறையைச் சொல்கிறேன், தேவைப்படுவோர் பலர் இருப்பார்கள். பென்சில் பருமனில், மிக இளசாகவும் மிக முற்றலாகவும் இல்லாத கொம்பை அரை அடி நீளத்துக்குச் சாய்வாக வெட்டுங்கள். கசியும் பாலைத் துடைத்துவிடுங்கள். மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் போகும்படி நட்டு, நிழலில் வைத்து, மண் ஈரமாக இருக்கும்படி மட்டும் நீர் தெளியுங்கள். ஒரு மாதத்தில், சில வேளைகளில் அதற்கும் சற்றுப் பின்னர், தளிர் தெரியும். செம்பருத்தி, மல்லிகை, வெட்சி ஆகியவற்றையும் இப்படியே எடுக்கலாம். பவழமல்லிக்கு அதன் தட்டையான காய்களைச் சேர்த்து வைத்தால் போதும். காய்க்கு இரண்டு விதை இருக்கும். எங்கள் ஆறு கொம்புகளில் நான்கு பிழைத்தன. ஒன்று தமக்கையாரின் வாடகை வீட்டுக்குப் போயிற்று. இரண்டு எங்கள் வளாகத்து மதிலோரம். ஒன்று என் மனைவியின் பால்கனியில்.

இந்தப் பகுதிகளில் வாரந்தோறும் ஏதேனும் ஒரு பழைய வீடு இடிக்கப்படுவதைக் காண்கிறோம். அதைத் தடுப்பது நம் கையில் இல்லை. பிள்ளைகளின் வசதியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் கையெழுத்திடும் முன் தோட்டத்தை ஒரு முறை சுற்றி வாருங்கள். தாயார் நட்டது எது, மாமியார் கொண்டுவந்தது எது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வீட்டுக்கு எந்தச் செடி பொருந்தும் என்ற கேள்விக்கு, அந்த மண்ணில் அந்தத் தண்ணீரில் ஐம்பது ஆண்டுகள் பூத்த செடியைவிட நம்பகமான விடை எந்த நர்சரியிலும் கிடைக்காது.

ஒரு தொட்டி வைக்கவும் இடமில்லாத அன்பர்களும், படுக்கையை விட்டு எழ இயலாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கும் மயிலையில் ஒரு வழிகாட்டி இருக்கிறார். கபாலீசுவரர் கோயிலில் தனிச் சந்நிதி கொண்ட வாயிலார் நாயனார் இவ்வூரில் பிறந்தவர். மனத்தையே கோயிலாகவும் ஞானத்தையே விளக்காகவும் கொண்டு அகத்தில் பூசித்து நாயன்மார் வரிசையில் இடம்பெற்றவர் அவர். புறத்தே எட்டு மலர்களை வகுத்த நம் பெரியோர் அகப்பூசைக்கும் எட்டு மலர்களை வகுத்தார்கள்: கொல்லாமை, பொறியடக்கம், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு. இவற்றுக்கு வெயிலும் வேண்டாம், லாரித் தண்ணீரும் வேண்டாம்.

பால்கனிச் செடி இந்த ஆண்டு ஆவணியில் முதல் அரும்பு விட்டது. மறுநாள் காலை நான் எழுந்து வருமுன்பே என் மனைவி அதைப் பறித்து அம்பாள் படத்துக்குச் சாத்திவிட்டிருந்தாள். அவள் விரல் நகத்தில் மண் ஒட்டியிருந்தது. கணக்குப் புத்தகத்தை எடுத்து வலப்பக்கத்தில், நந்தியாவட்டை, ஒன்று, என்று எழுதினேன்.